"இன்னும் எத்தனை நாள் தேய்த்தால் வெள்ளையாவேன்?" – குழந்தை மருத்துவரின் கேள்வி பதில்

மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் உடம்பைப் பற்றிப் படும் கவலைகளைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன். தென்மாவட்ட ஊர் ஒன்றில் 24 ஆண்டுகளாகக் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். காய்ச்சலுக்கு வரும் பிள்ளை, அம்மா மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைக்கும் நேரம் பார்த்து மெல்லக் கேட்கும் கேள்விகள் இவை. மருந்தின் பெயரும் அளவும் இங்கே எழுத மாட்டேன்; குழந்தையைப் பார்க்காமல் அதைச் சொல்வது தவறு.

யு.கே.ஜி. படிக்கும் என் மகள் குளிக்கும்போது சோப்பை விடாமல் தேய்க்கிறாள். "இன்னும் எத்தனை நாள் தேய்த்தால் வெள்ளையாவேன்?" என்று கேட்கிறாள். "கறுப்பாக இருந்தாலும் நீ அழகுதான்" என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கவில்லை. – விருதுநகரிலிருந்து ஓர் அம்மா

முதலில் அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அம்மா. "கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்" என்பதை நாம் பாராட்டு என்றே நினைத்துச் சொல்கிறோம். நிறம் மட்டு என்கிறோம், ஒரு மாற்றுக் குறைவு என்று தங்கத்தை உரைத்துப் பார்ப்பதைப் போலச் சொல்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் 'இருந்தாலும்' என்று சொன்னால் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு குற்றத்தை அம்மா பொறுத்துக்கொள்கிறாள் என்பது அதற்கு நன்றாகப் புரியும்.

உங்கள் மகள் கேட்பது ஒரு கணக்கு. அழுக்கு சோப்பில் போகிறது. இதுவும் அழுக்கு என்றால் எத்தனை நாளில் போகும்? அந்தக் கணக்கிலேயே பதில் சொல்லுங்கள். "நிறம் அழுக்கு இல்லை. அது தோலுக்குள் இருக்கிறது, போகாது, போகவும் வேண்டாம்." நிறம் செய்யும் உயிரணுக்கள் எல்லோர் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும்தான் ஆளுக்கு ஆள் மாறும். வெயிலுக்கு உடம்பு பிடித்துக்கொள்ளும் குடை அது என்று சொன்னால் ஐந்து வயதுக்குப் போதும்.

பிறகு, இது எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள். "யார் சொன்னது?" என்று அதட்டினால் வாயை மூடிக்கொள்வாள். "என்றைக்கு இப்படித் தோன்றியது?" என்று தலை பின்னும்போது கேளுங்கள். என்னிடம் வந்த பிள்ளைகள் சொன்னவற்றில் பாதி ஆண்டு விழாவில் போய் முடிந்திருக்கிறது. தேவதை வேடம் ஒரு பிள்ளைக்கு, மர வேடம் இன்னொன்றுக்கு. நடனத்தில் முன்வரிசை யாருக்கு, பின்வரிசை யாருக்கு. எதை வைத்துப் பிரித்தார்கள் என்பதைப் பெற்றோரைவிடப் பிள்ளைகள் விரைவாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மீதிப் பாதி வீட்டுக்கு வந்த உறவினர் சொன்னது. பள்ளி என்றால் நேரில் போய்ப் பேசுங்கள். உறவினர் என்றால் அவள் முன்னாலேயே மறுத்துச் சொல்லுங்கள். நீங்கள் மறுத்ததை அவள் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிறிய வயதில் இது பதியுமா என்று உங்கள் கணவர் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயது வரையான கறுப்பினக் குழந்தைகள் முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். நிறத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுபோல. "நல்ல பொம்மை எது?" என்றபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். "உன்னைப்போல இருப்பது எது?" என்றபோது சில குழந்தைகள் அழுதார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்தப் பொம்மைகளும் கணக்கில் எடுக்கப்பட்டன. மூன்று வயதில் பதியும், ஐயா.

நான்கு வயது மகனுக்குப் பாதுகாப்பான சிவப்பழகு கிரீம் எது?

எதுவும் இல்லை. மருந்துக்கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சில வாரம் வெளுத்துக் காட்டும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்து, நிறுத்தினால் எரிந்து சிவக்கும். குழந்தை முகத்தில் தடவாதீர்கள்.

இரண்டாம் வகுப்பு மகன். தீபாவளித் துணி எடுக்கப் போனபோது கடைக்காரர், "இந்தத் தம்பிக்குப் பெரிய பையன்கள் அளவு எடுங்கள்" என்று சிரித்தார். அன்றிலிருந்து சட்டையைக் கழற்றிக் குளிக்க மறுக்கிறான், விளையாட்டு வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உணவு அட்டவணை தாருங்கள். – ஈரோடு

அட்டவணை தர மாட்டேன். அவன் உண்மையில் எடை கூடியவன்தானா என்பதே இன்னும் தெரியவில்லை. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் ஐந்து, ஆறு வயதில்தான் மிகக் குறைவாக இருக்கும். அதன்பின் இயல்பாகவே ஏறும். நான்கு வயதில் விலா எலும்பு தெரிய ஓடியவன் எட்டு வயதில் கன்னம் வைத்திருப்பது நோயல்ல. இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் உயரமும் 2, 3 கிலோ எடையும் கூட வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் அவனுடைய பழைய அளவுகளையும் புதிய அளவையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒருநாள் எடை எதையும் சொல்லாது. கோடு எப்படிப் போகிறது என்பதே சொல்லும்.

கோடு ஏறித்தான் போகிறது என்றால், மாற்ற வேண்டியது வீட்டை. அவனுக்கு மட்டும் சுண்டல், அக்காவுக்குப் பரோட்டா என்றால் அது தண்டனை; திருடித் தின்னத்தான் கற்றுக்கொள்வான். இனிப்புப் பானங்களை வீட்டுக்கே வாங்காதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் வியர்க்க விளையாட விடுங்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் வளரிளம் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பெற்றோர் எடையைப் பற்றிப் பேசிய வீடுகளில் பட்டினி கிடப்பது போன்ற கெட்ட பழக்கங்கள் கூடுதலாக இருந்ததையும், நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் குறைவாக இருந்ததையும் காட்டியது. பேசுவதானால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். உடம்பைப் பற்றிப் பிள்ளையின் காதில் விழும்படி பேசாதீர்கள்.

மகளுக்குக் கழுத்துப் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறது. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அழுகிறாள்.

தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அது அழுக்கல்ல. கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து வெல்வெட்டுத் துணிபோலத் தடித்திருந்தால், பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. சர்க்கரை நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோல் காட்டிக்கொடுக்கிறது. ரத்தப் பரிசோதனை தேவை. "குளிப்பதில்லையா?" என்று வகுப்பில் கேட்ட ஆசிரியரிடமும் இதைச் சொல்லுங்கள். பாவம், அந்தக் குழந்தை செய்யாத தவறுக்கு நார் வாங்கியிருக்கிறது.

கர்ப்பத்தில் குங்குமப்பூ சாப்பிட்டும் குழந்தை நிறமாகப் பிறக்கவில்லை. இனி என்ன செய்யலாம்?

குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் தொடர்பில்லை. நிறம் உங்கள் இருவரின் குடும்பத்திலிருந்து வந்தது. இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கேள்வியைக் குழந்தை பேச்சுப் புரியும் வயதுக்கு வந்தபின் வீட்டில் கேட்காதீர்கள்.

டாக்டர், எனக்கு வயது 71. எங்கள் தெருவில் கறுப்பன், குண்டன், குட்டையன், பல்லன் எல்லாரும் இருந்தார்கள். பட்டப்பெயர் இல்லாத ஆளே இல்லை. யாரும் மனநோய்க்குப் போகவில்லை. நீங்கள்தான் இல்லாத வியாதியை உண்டாக்குகிறீர்கள். – தஞ்சாவூர்

ஐயா, உங்கள் வயதுக்கு மதிப்புக் கொடுத்தே சொல்கிறேன். பல்லன் என்று அழைக்கப்பட்டவர் எப்படி இருந்தார் என்பதைப் பல்லனிடம் அல்லவா கேட்க வேண்டும்? அவர் எத்தனை புகைப்படத்தில் வாய் திறந்து சிரித்திருக்கிறார் என்று பாருங்கள். யாரும் மருத்துவரிடம் போகவில்லை என்றால், போய்ச் சொல்ல இடம் இல்லை என்று பொருள்.

இதற்கு வந்த மறுமொழிகள் பல. மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

34 வயதுத் தாய் ஒருவர்: "என் மாமா என்னைக் 'குண்டுப் பூசணி' என்றுதான் கூப்பிடுவார். பாசமாகத்தான். இன்றைக்கும் பந்தியில் அவர் எதிரே உட்கார்ந்தால் இரண்டாம் முறை சாதம் கேட்க மாட்டேன்." இதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை: "நிற இழிவு நம் மரபல்ல. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை, மாந்தளிரின் நிறம். அது போய் உடல் வெளிறினால் பசலை; அதை நோய் என்றார்கள். விளம்பரம் வந்துதான் தலைகீழாக்கியது." அருமையான செய்தி, அம்மா. விருதுநகர்த் தாய்க்கு நான் கொடுத்த பதிலைவிட நல்ல பதில் இது. 'மட்டு' என்ற சொல் இருந்த இடத்தில் 'மாமை' என்ற சொல்லை வைக்கலாம். ஆனால் பழியை முழுவதும் விளம்பரத்தின்மேல் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. "சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை" என்று கேட்ட நாம் அப்படியேதான் இருக்கிறோம். ஒருவர் அதற்குள் "அப்படியானால் வெள்ளையாக இருப்பது குற்றமா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். இல்லை. வெள்ளைக் குழந்தையை 'வெள்ளைப் பாச்சா' என்று கூப்பிடுவதையும் நிறுத்துங்கள் என்கிறேன்.

தஞ்சாவூர்ப் பெரியவர் மீண்டும்: "அப்படியானால் செல்லப்பெயரே கூடாதா? வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டால் வீட்டில் அன்பு எங்கே இருக்கும்? நாங்கள் நாளெல்லாம் தெருவில் ஓடினோம், கண்மாயில் குதித்தோம். உடம்பைப் பற்றி நினைக்க நேரம் இல்லை."

ராசா, தங்கம், குட்டி, செல்லம் எல்லாம் இருக்கட்டும், ஐயா. உடம்பைச் சுட்டும் பெயர் மட்டும் வேண்டாம். ஆனால் நீங்கள் கடைசியில் சொன்னது முழு உண்மை, அதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். மரம் ஏறும் பிள்ளைக்குக் கால் என்பது ஏறுவதற்கு. நாள் முழுவதும் திரைமுன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கால் என்பது பிறர் பார்ப்பதற்கு. நீங்கள் தெருவில் இருந்த இருபது பேரோடு ஒப்பிட்டுக்கொண்டீர்கள். உங்கள் பேத்தி உலகத்தோடு ஒப்பிட்டுக்கொள்கிறாள். பசிபிக் தீவான பிஜியில், நல்ல சதைப்பற்றுள்ள உடம்பை வளமாகக் கருதிய ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அப்போதும், 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் கேட்டார். முதலில், எடை குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்றே ஆண்டில் நூற்றுக்குப் பதினொருவர் சொன்னார்கள்.

பார்பி பொம்மை வாங்கிக் கொடுக்கலாமா?

2006இல் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரையான 162 சிறுமிகளிடம் ஆய்வு செய்தார்கள். பார்பி படங்களைப் பார்த்த சிறியவர்கள், பருமனான பொம்மையின் படங்களைப் பார்த்தவர்களைவிடத் தங்கள் உடம்பைக் குறைவாக மதித்தார்கள், மெலிய விரும்பினார்கள். 2016இல் பார்பியைச் செய்யும் நிறுவனமே வேறு உடல்வாகுகளிலும் பொம்மை கொண்டுவந்தது. இருப்பதைப் பிடுங்க வேண்டாம். அதுவே ஒரே பொம்மையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலை மாவும் பாலாடையும் போட்டால் ஆறு வயதுக் குழந்தை நிறம் கூடுமா?
ஒல்லியாக இருக்கிறான், 'குச்சி' என்கிறார்கள், சதை போட டானிக் சொல்லுங்கள்.
மூன்று வயது, நிறத்துக்கு ஏதாவது சிரப் உண்டா?

கூடாது. வேண்டாம். இல்லை. மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நிறம் பற்றி மட்டும் இதே கேள்வி பதினேழு முறை வந்திருக்கிறது. பெயர் தெரியாத களிம்பை வாங்காதீர்கள் என்பதை மட்டும் பதினெட்டாம் முறையும் சொல்வேன்.

எட்டு வயது மகளுக்கு முன்பற்கள் நடுவே இடைவெளி, வெளிப்பக்கமாக விரிந்தும் இருக்கின்றன. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இது மிகச் சாதாரணம். மேலே தாடைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் முன்பற்களின் வேர்களை நெருக்குகின்றன. அதனால் பற்கள் விசிறிபோல விரிகின்றன. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் வெளியே வந்ததும் இடைவெளி பெரும்பாலும் தானே மூடும். பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, அவள் காதுபட அவரையே சொல்லச் சொல்லுங்கள். "உள்ளே புதுப்பல் வந்துகொண்டிருக்கிறது" என்ற செய்தி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஏழு வயது மகளுக்கு மார்பு அரும்பத் தொடங்கியிருக்கிறது. இரண்டு உள்சட்டை போட்டு மறைக்கிறாள்.

எட்டு வயதுக்கு முன் என்றால் குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயம் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். அவளிடம் ரகசியம்போலப் பேசாமல் இயல்பாகச் சொல்லி அழைத்துப் போங்கள்.

நான் கல்லூரி மாணவி, 19 வயது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.

உங்கள் வயது என் துறையைத் தாண்டியது, அம்மா. ஆனாலும் உங்களை அப்படியே விட மனமில்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இன்றே பேசுங்கள்.

ஒன்பது வயது மகள். இரண்டு மாதமாக டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. இரவில் "வயிறு நிறைந்துவிட்டது" என்கிறாள். மூன்று கிலோ குறைந்துவிட்டாள். கேட்டால் அழுகிறாள். வளரும் வயது, சரியாகிவிடும் என்கிறார் மாமியார். – மதுரை

இது காத்திருக்கும் விஷயம் இல்லை. வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல் நிற்பதே கவலை தருவது; மூன்று கிலோ குறைவது பெரிய இழப்பு. காசநோய், குடல் நோய், சர்க்கரை நோய் எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். அதன்பின் மனம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், கை கால் சில்லிட்டுப்போதல், சாப்பிட்டவுடன் கழிவறைக்குள் நெடுநேரம் இருத்தல், எல்லோரும் தூங்கியபின் உடற்பயிற்சி – இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். மயங்கி விழுந்தால் அன்றே மருத்துவமனை.

கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள், திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். இந்த வாரத்துக்குள் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அவர் வழியாகக் குழந்தை மனநல மருத்துவரிடமும் போக வேண்டி வரும். அவள் உள்ளே வரும்முன் நீங்கள் மட்டும் போய் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எடை பார்க்கும்போது அவள் முள்ளுக்கு முதுகு காட்டி நிற்கட்டும், எண்ணைச் செவிலியர் சத்தமாகச் சொல்லாமல் சீட்டில் மட்டும் எழுதட்டும்.