ஒரே கராஜ், இரண்டு கையெழுத்து

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அக்கா, தங்கை. அக்கா முழுநேரமாக உருவப்படம் வரைகிறார். நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. மூன்று வருடமாக அக்கா வீட்டுக் கராஜில் சனிக்கிழமைதோறும் 22 பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம், மாதம் 350 ராண்ட். நான் நான்கு மணி நேரமும் நிற்கிறேன், அக்கா இரண்டு மணி நேரம்தான். காசு மட்டும் சரிபாதி. அவருக்கு வரும் ஆர்டர் படங்களில் நகையும் பட்டுச்சேலையும் நான்தான் போட்டுக் கொடுக்கிறேன், கையெழுத்து அவருடையது. கேட்டால், “குடும்பத்துக்குள்ள என்னடி கணக்கு?” என்கிறார். போன கோடையில் ஏழு கேன்வாஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதற்கும் பழி என் மேல். பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

வேலையை இப்போது விடாதீர்கள். காரணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது.

22 பிள்ளைகள், தலைக்கு 350 என்றால் 7,700 ராண்ட். காகிதம், பெயிண்டுக்கு 1,500 போகட்டும். கராஜ் அக்காவுடையது, வாடகையாக 1,000 அவருக்குக் கொடுங்கள். இந்த ஒரு வரி எழுதப்படாததால்தான் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருக்கக்கூடும். படம் தாங்கும் சட்டம் (ஈசல்) உடைந்தால், பிள்ளைகள் குறைந்தால் தாங்குவதற்கு பத்தில் ஒரு பங்கு, 770, தனியே வையுங்கள். மிச்சம் 4,430. மாதம் நான்கு சனிக்கிழமையில் உங்களுக்கு 16 மணி, அக்காவுக்கு 8 மணி, மொத்தம் 24. மணிக்கு 184 ராண்ட். உங்களுக்கு 2,944, அக்காவுக்கு 1,472. வாடகையோடு அவர் கைக்கு 2,472 போகிறது. மிஞ்சும் 14 ராண்டுக்குச் சண்டை வேண்டாம். இந்தத் தாளை அக்கா முன் வைத்துப் பாருங்கள். “கணக்கு வேண்டாம்” என்பவர்கள் பெரும்பாலும் கணக்கைப் பார்த்திராதவர்கள்.

2,944 ராண்டை நம்பி பென்ஷனையும் மருத்துவச் சலுகையையும் விட முடியாது. இன்னொன்று: அரசுப் பள்ளி ஆசிரியர் வெளியே சம்பளத்துக்கு வேலை செய்ய முன் அனுமதி வாங்க வேண்டும். 1998ஆம் ஆண்டு ஆசிரியர் பணிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மூன்று வருடம் ஓடிவிட்டது என்றாலும் இப்போதாவது எழுதிக் கேளுங்கள். வகுப்பு வருமானத்துக்கு வரி அலுவலகத்தில் முன்கூட்டியே வரி கட்ட வேண்டும், அதற்கு ஆகஸ்ட் கடைசி, பிப்ரவரி கடைசி என இரண்டு தவணை உண்டு. குழந்தைகளோடு வேலை செய்வதால், குழந்தைகளோடு வேலை செய்யத் தகாதவர்கள் என்று குழந்தைகள் சட்டப்படி வைக்கும் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்பதற்கான சான்றை இருவரும் வாங்கி வையுங்கள். பெற்றோர் கேட்கும்போது எடுத்து நீட்டலாம்.

இனி கையெழுத்து. சேர்ந்து வேலை செய்த சகோதரிகள் இதை இரண்டு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சிங் ட்வின்ஸ் என்ற இரட்டைச் சகோதரிகள் படைப்பை இருவருக்கும் பொதுவான அந்தப் பெயரிலேயே வெளியிடுகிறார்கள். கிளாஸ்கோவின் மார்கரெட், ஃபிரான்சஸ் மக்டொனால்ட் 1890களில் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினார்கள். உலோகத் தகடும் ஓவியமும் சேர்ந்தும் தனித்தும் செய்தார்கள். 1899இல் ஃபிரான்சஸ் கல்யாணமாகி லிவர்பூல் போனார், கூட்டு ஸ்டூடியோ அதோடு நின்றது. உங்களில் ஒருவர் நாளைக்கு ஜோஹன்னஸ்பர்க் போகலாம். அப்போது பழைய படங்கள் யாருடையவை என்ற கேள்வி வந்தே தீரும்.

உங்களுக்கு என் யோசனை: முகமும் கையும் அக்கா, நகையும் பட்டும் நீங்கள் என்றால் அது இருவர் படம். முன்பக்கம் இரு பெயரின் முதலெழுத்துகள், பின்பக்கம் தேதியோடு யார் எதைச் செய்தார் என்ற ஒரு வரி. அக்கா ஒருவரே செய்ததில் அக்கா பெயர் மட்டும். விலையும் வேலை நேரப்படியே பிரியட்டும். ஆர்டர் எடுக்கும்போது பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னவருக்கே பதிப்புரிமை, வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய. அதனால் அந்தப் படத்தை உங்கள் விளம்பரத்திலோ காலண்டரிலோ போட நினைத்தால், ரசீதிலேயே அந்த உரிமையை எழுதி வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழு கேன்வாஸ் ஒட்டியதற்கு நீங்களும் காரணம் இல்லை, அக்காவும் இல்லை. டர்பனின் ஜனவரிக் கோடையில் ஈரப்பதமும் சூடும் சேர்ந்தால் காய்ந்த அக்ரிலிக் பெயிண்டும் மறுபடி இளகும். முகத்தோடு முகம் சேர்த்தோ, ஒன்றன்மேல் ஒன்றாகவோ அடுக்கினால் ஒட்டும். வெடுக்கென்று பிரிக்காதீர்கள், பெயிண்ட் உரிந்து வரும். ஏசி அறையில் சில மணி நேரம் குளிரவிட்டு, மெல்லிய நூலை இடையில் மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். இனி கேன்வாஸை நிமிர்த்தி நிறுத்துங்கள், நடுவில் சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பர் வையுங்கள். செய்தித்தாள் கூடாது, அச்சு மை ஏறும். குமிழ்த்தாளும் கூடாது, குமிழின் தடம் பதியும். நீர்வண்ணத் தாளை சுவரோடு சாய்க்காமல் படுக்க வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடுங்கள். ஈரம் குடித்த தாள் ஒற்றுத்தாள்போல் பெயிண்டை இழுத்துக்கொள்ளும்.

வகுப்பில் 200 கிராம் தாளை (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள மெல்லிய தாள்) வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். நனைத்ததும் நெளிந்து குளம் கட்டும், பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லும். 300 கிராம் ஏ3 தாளைப் பாதியாக வெட்டிக் கொடுங்கள். செலவு பெரிதாக ஏறாது. பிரஷ் சின்தட்டிக்கில் (செயற்கை இழை) வட்ட நுனி, அளவு எண் 4, 8, 12 போதும். தண்ணீர் டம்ளரில் நிற்கவைத்த பிரஷின் நுனி வளைந்துபோகும். கழுவிப் படுக்க வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். கடை டப்பாவில் “தோல் நிறம்” என்று வரும் வெளிறிய இளஞ்சிவப்பை உங்கள் கராஜிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் நம் தோலுக்கு எரிந்த சியன்னா (செம்பழுப்பு) நான்கு பங்கு, அல்ட்ராமரின் நீலம் ஒரு பங்கு, மஞ்சள் காவி தேவைக்கு. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், சேறாகும். அல்ட்ராமரினைச் சற்றுக் கூட்டினால் போதும். வெளிச்சத்துக்கு வெள்ளையை ஊற்றினால் பாட்டியின் முகம் சாம்பல் பூசியதுபோல் தெரியும், காவியால் ஏற்றுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்து வரையும் ஆர்டர்களிலும் அக்காவுக்கு இது உதவும்.

வகுப்பு நாட்களைப் பள்ளித் தவணைகளோடு ஒட்டி வையுங்கள். பெரிய வெள்ளியை ஒட்டிய சனிக்கிழமைக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள், மவுண்ட் எட்ஜ்கோம்பிலோ இசிபிங்கோவிலோ மாரியம்மன் கோயில் திருவிழாவில் இருப்பார்கள். அந்த வாரத்தைக் கட்டணத்தில் சேர்க்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு கோல வகுப்பு வைத்தால், அம்மாக்களும் கூடவே வந்து உட்காருவார்கள். அன்றைக்கு அக்காவை நான்கு மணி நேரமும் நிற்கச் சொல்லுங்கள், மணிக்கு 184 ராண்ட் என்று.