ஜியாலஜி கேட்கும் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

ஆச்சி, வணக்கம். மகள் ஜியாலஜி, அதாவது பாறையையும் கனிமத்தையும் ஆராயும் படிப்பு, கேட்கிறாள், சேர்க்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். படிக்கட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்துவதாக இருந்தால் சேர்க்க வேண்டாம். மூன்று வருடத்தில் கையில் வேலை வேண்டும் என்பதுதான் வீட்டுக் கணக்கு என்றால் இந்தப் பாதை சரிப்படாது. படிப்புக்கு ஐந்து வருடம், அதற்கு மேல் தேர்வுக்குத் தயாராக ஒன்றிரண்டு வருடம் என்று பொறுக்க முடியும் என்றால் தயங்காதீர்கள்.

"கல்லைத் தட்டிப் பார்க்கிற படிப்புக்கு யார் வேலை கொடுப்பா?" என்று அவள் அப்பச்சி கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில்.

நாட்டின் நிலத்தடியில் எங்கே என்ன பாறை, என்ன கனிமம் என்று வரைபடம் போடும் மத்திய அரசு நிறுவனம் ஜி.எஸ்.ஐ. (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்). 1851இல் தொடங்கியது. தலைமையகம் கொல்கத்தா. நாட்டைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளத்தூரும் காரைக்குடியும் 58 ஜே/16 என்ற கட்டத்தில் வரும். தேவகோட்டை அடுத்த கட்டம், 58 கே/13. ஒரு கட்டம் என்பது பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். இந்த அளவில் நாட்டின் பாறை வரைபடம் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டதே, இனி என்ன வேலை என்று தோன்றும். அடுத்தடுத்த படங்கள்தான் இப்போதைய வேலை. ஓடை மண்ணை எடுத்து எந்த உலோகம் எவ்வளவு என்று சோதிக்கும் வேதியியல் வரைபடம், புவியீர்ப்பையும் காந்த விசையையும் அளக்கும் வரைபடம், விமானத்தில் கருவி கட்டிப் பறந்து எடுக்கும் வரைபடம் எல்லாம் இப்போது நடக்கின்றன. ஓர் இடத்தில் கனிமம் இருப்பதாகத் தெரிந்தால் ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று நான்கு படி தாண்டித்தான் அதன் அளவை உறுதியாகச் சொல்ல முடியும். காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் தாது என்று 2023இல் செய்தி வந்ததே, அது ஜி3 படியில் சொன்ன கணக்கு. மீதிப் படிகளுக்கு இன்னும் துளை போட வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும். அத்தனைக்கும் ஆள் வேண்டும்.

இதில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. சிவகங்கையில் கிராஃபைட் இருக்கிறது. மாநில அரசின் டாமின் நிறுவனம் அங்கே வெட்டி எடுத்துச் சுத்திகரிக்கிறது. செல்போனிலும் மின்சார வண்டியிலும் இருக்கும் லித்தியம் பேட்டரியின் ஒரு முனை கிராஃபைட்தான். வெயிலும் காற்றும் நாம் கேட்கிற நேரத்தில் வருவதில்லை. வரும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கப் பேட்டரி வேண்டும். அதனால்தான் 2023இல் மத்திய அரசு அறிவித்த 30 முக்கியக் கனிமங்களில் கிராஃபைட்டும் இடம்பெற்றது. 2025 ஜனவரியில் அவற்றுக்கென்று ஒரு தேசியத் திட்டமும் ஒப்புதல் பெற்றது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம் அது. கனிமம் ஒரு பக்கம், அதைப் பயன்படுத்தும் ஆய்வகம் இன்னொரு பக்கம் என்று அமைந்த ஊர்ப் பிள்ளை இந்தத் துறையைக் கேட்பது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். இதை மகளோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஜி.எஸ்.ஐ.க்கு ஆள் எடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வின் பெயர் கம்பைண்டு ஜியோ சயின்டிஸ்ட். முதல்நிலைக்கு 400 மதிப்பெண், முதன்மைக்கு 600, நேர்முகத்துக்கு 200. வயது 21 முதல் 32 வரை. சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தேர்வானால் குரூப் ஏ பதவி, அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. நிலத்தடி நீர் வாரியத்துக்கும் இதே தேர்வில்தான் எடுக்கிறார்கள். எழுதுவதற்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். பி.எஸ்சி.யோடு நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

பலர் தடுமாறுவது பட்டத்தின் பெயரில். ஜியாலஜிஸ்ட் பதவிக்கு எந்தெந்த முதுகலைப் பட்டம் செல்லும் என்று அறிவிப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது. ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, மரைன் ஜியாலஜி போன்றவை வரும். அழகப்பா பல்கலைக்கழகம் தொண்டியில் நடத்தும் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறையின் பாடப் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் (கணினியில் நிலவரைபடத் தகவலைக் கையாள்வது), ரிமோட் சென்சிங் (செயற்கைக்கோள் படம் வழியாக நிலத்தை ஆராய்வது) என்று மட்டும் பட்டம் வாங்கியவர்கள் ஜியாலஜிஸ்ட் பதவிக்கு எழுத முடியாமல் நிற்பார்கள். அவை நல்ல படிப்புகள்தான், வேலையும் உண்டு. கதவு வேறு, அவ்வளவே. எந்தக் கல்லூரியில் பணம் கட்டும் முன்பும் அந்த வருட அறிவிப்பை எடுத்து, பட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே தேர்வில் ஜியோஃபிசிசிஸ்ட் (புவி இயற்பியலாளர்) என்றொரு பதவி இருக்கிறது. அதற்கு எம்.எஸ்சி. இயற்பியல் போதும். கெமிஸ்ட் பதவிக்கு எம்.எஸ்சி. வேதியியல். சம்பளம் ஒன்றே. இது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிவதில்லை. மகளை இப்போதே வெளியூர் அனுப்ப மனம் வரவில்லை என்றால், அழகப்பா அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல், பிறகு அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. என்று வீட்டுச் சாப்பாட்டோடு படித்தே அந்த வாசலுக்குப் போகலாம். தேர்வு கைகூடாவிட்டாலும் இயற்பியல் பட்டத்துக்குப் பள்ளி, கல்லூரி ஆசிரியர் வேலை உள்பட வேறு வழிகள் திறந்தே இருக்கும். ஜியாலஜி பட்டத்துக்கு அந்த அளவு மாற்று வழி கிடையாது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை.

ஜியாலஜிதான் வேண்டும் என்று அவள் உறுதியாக இருந்தால், திருச்சி நேஷனல் கல்லூரி நமக்கு அருகில். சேலம் அரசுக் கலைக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றிலும் இந்தப் பாடம் உண்டு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் நல்ல இடம் வந்தால் தன்பாத் ஐ.ஐ.டி. இந்தத் துறைக்குப் பேர் போனது. பி.எஸ்சி. முடித்துவிட்டு ஜாம் தேர்வு எழுதியும் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம், நம் பிள்ளைகள் அதிகம் முயலாத வழி இது, முயல வேண்டும். மாநில அரசின் கனிம வளத் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. எடுக்கிறது, இடங்கள் குறைவு. ஓ.என்.ஜி.சி., கோல் இந்தியா போன்றவையும் ஜியாலஜி படித்தவர்களை எடுக்கின்றன. பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) தேர்வின் மதிப்பெண் கைவசம் இருப்பது நல்லது.

காற்று, சூரிய ஒளிப் பக்கம் அவளுக்கு ஆர்வம் என்றால் கதை கொஞ்சம் மாறும். காற்று வளத்தை வரைபடமாக்குவது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம். 100 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்று வளம் 302 ஜிகாவாட் என்றார்கள். 150 மீட்டர் உயரத்தில் கணக்கிட்டபோது அது 1,164 ஜிகாவாட்டாக வந்தது. தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 95 ஜிகாவாட். கோபுரம் உயர உயர வரைபடத்தைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. இங்கே அரசு இடங்கள் மிகக் குறைவு. இடம் தேர்ந்து கொடுக்கும் தனியார் நிறுவனங்களில்தான் வாய்ப்பு அதிகம். அவர்கள் கேட்பது இயற்பியல் அல்லது பொறியியல் பட்டம், கணினியில் வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். மென்பொருள், கொஞ்சம் நிரல் எழுதும் பழக்கம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததே, அப்படி ஒன்றுக்கு வெயில் கணக்கு, நிலத்தின் சரிவு, மழைநீர் ஓடும் வழி எல்லாம் பார்த்துத்தான் இடம் முடிவு செய்ய வேண்டியிருக்கும். இந்தப் பக்கம் போவதாக இருந்தால் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் பி.இ. நல்ல தேர்வு.

கடைசியாக, நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய விஷயம்: பெண் பிள்ளை காடு மேடெல்லாம் அலைவதா என்பது. அலையத்தான் வேண்டும், ஆச்சி. வருடத்தில் பல மாதம் வெளிவேலை, மொழி தெரியாத ஊரில் முகாம். பொதுவாகத் தனியாக அனுப்புவதில்லை; வண்டி, உதவியாளர்கள், உடன் ஓர் அதிகாரி என்று குழுவாகப் போவார்கள். சேர்ந்ததும் பயிற்சி உண்டு, அதற்கென்றே ஹைதராபாத்தில் நிறுவனம் வைத்திருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை பார்க்க இருந்த தடையும் 2019இல் தளர்ந்தது. தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பகல் நேரத்தில் இறங்கலாம் என்று அப்போது அனுமதித்தார்கள். வட்டித் தொழிலுக்குப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வருடக் கணக்கில் கடல் கடந்து போன ஊர் நம் ஊர். அன்று ஆண்கள் போனார்கள். இன்று மகள் போகக் கேட்கிறாள்.

அவளிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள். வெயிலில் நாள் முழுக்க நடந்துவிட்டு, இரவு உட்கார்ந்து குறிப்பெழுதும் வேலை அவளுக்குப் பிடிக்குமா? கணக்கும் இயற்பியலும் அவளுக்குச் சுமையா, விருப்பமா? நடை பிடிக்கும் என்றால் திருச்சி விண்ணப்பத்தை முதலில் போடுவோம். கணக்கு பிடிக்கும், நடை தெரியாது என்றால் காரைக்குடியில் இயற்பியல் முதலில், திருச்சி இரண்டாவது. கல்லூரிக்கு நேரில் போகும்போது, மாணவர்களை வருடத்துக்கு எத்தனை நாள் வெளிக்களத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், முன்பு படித்தவர்களில் யு.பி.எஸ்.சி. எழுதித் தேறியவர்கள் உண்டா என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வாருங்கள், வரிசையைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.