குளச்சல் போரில் டச்சுக்காரர் வெல்லலாமா?

கேள்வி: நாங்கள் தக்கலைப் பகுதியைச் சேர்ந்த மூன்று நண்பர்கள். குளச்சல் போரை வைத்து இருவர் ஆடும் வியூக விளையாட்டு ஒன்றை முதலில் அட்டையில் செய்து பார்த்து, பிறகு அலைபேசிக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறோம். முதல் வடிவத்தில் வரலாற்று நிகழ்ச்சிகளை நாள்வாரியாக வரிசைப்படுத்தி வைத்தோம். ஆடிப் பார்த்த கல்லூரி மாணவர்கள், "என்ன செஞ்சாலும் டச்சுக்காரன் தோக்கத்தான் போறான்னா, நான் எதுக்கு இருந்து ஆடணும்?" என்று கேட்டார்கள். இரண்டாம் வடிவத்தில் எல்லாவற்றையும் ஆட்டக்காரரின் விருப்பத்துக்கே விட்டோம். டச்சுப் படை திருவிதாங்கூரின் தலைநகரான பத்மநாபபுரத்தில் கொடியேற்றியதைப் பார்த்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஆசிரியர் எழுந்து போனதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். 1741-இல் அந்த ஊருக்குக் கல்குளம் என்றுதான் பெயர். பத்மநாபபுரம் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. வரைபடத்தில் அதை முதலில் திருத்திவிடுங்கள்.

கேள்விக்கு வருகிறேன். மாணவர்களும் ஆசிரியரும் சொல்வது இரண்டுமே நியாயம்தான், ஏனென்றால் அவர்கள் குறை கண்ட இடங்கள் வெவ்வேறு. முடிவு முன்பே எழுதப்பட்டிருப்பது மாணவர்களுக்கு உறுத்தியது. அந்த முடிவை உண்டாக்கிய நிலைமைகள் ஆட்டத்தில் இல்லாமற்போனது ஆசிரியருக்கு உறுத்தியது. முதல் வடிவத்தில் பூட்டக் கூடாததைப் பூட்டினீர்கள். இரண்டாம் வடிவத்தில், பூட்டியே வைத்திருக்க வேண்டியதையும் சேர்த்துத் திறந்துவிட்டீர்கள். கடல், காற்று, தொலைவு, அரிசி, ஆள்பலம் ஆகியவற்றை வரலாற்றில் இருந்தபடியே இறுக்கமாக வையுங்கள். அவற்றுக்குள் நின்றுகொண்டு மனிதர்கள் எடுத்த முடிவுகளை மட்டும் ஆட்டக்காரரின் கையில் கொடுங்கள். எந்தப் போரை விளையாட்டாக்கினாலும் நான் இந்தக் கோட்டைத்தான் முதலில் போடுவேன்.

குளச்சலில் அந்த நிலைமைகள் எவை என்று பார்ப்போம். நல்லமிளகு வணிகத்தில் தங்களுக்கிருந்த பிடி தளர்வதைக் கண்டு, இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்ஹாஃப் 1739-இல் கொச்சிக்கு வந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவைப் போர் மிரட்டலோடு எச்சரித்தார். 1740 இறுதியில் டச்சுக் கப்பல்கள் குளச்சலைத் தாக்கின. நாம் ஒரே நாளில் முடிந்த சண்டைபோலப் பேசுகிற குளச்சல் போர், உண்மையில் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை பல மாதங்கள் இழுத்த முற்றுகையும் பசியும் காத்திருப்புமாகும். டச்சுக்காரரின் நம்பிக்கை இரண்டு இடங்களில் தொங்கிக்கொண்டிருந்தது: கொழும்பும், கிழக்கே அவர்களின் தலைமையிடமாக இருந்த பட்டாவியாவும் (இன்றைய ஜகார்த்தா). பட்டாவியாவிலோ 1740 அக்டோபரில் சீனர்கள் படுகொலை செய்யப்பட்டு, அதைத் தொடர்ந்து சாவகத்தில் (ஜாவாவில்) மூண்ட போர் 1743 வரை நீடித்தது. அனுப்புவதற்கு அங்கே ஆளில்லை. மிரட்டிவிட்டுப் போன வான் இம்ஹாஃபே அதற்குள் இலங்கையை விட்டுப் பட்டாவியா சென்று, அங்கே சொந்தத் தலைமையோடு மோதிக் கைதாகியிருந்தார். எஞ்சியிருந்த கொழும்பு வழியைத் தென்மேற்குப் பருவக்காற்று அடைத்தது.

பருவக்காற்றை உங்கள் முதல் வடிவம் 'ஜூனில் புயல், கப்பல் வராது' என்ற நிகழ்ச்சி அட்டையாக வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு விதியாக மாற்றுங்கள். 1740 நவம்பர் பிற்பாதியிலிருந்து 1741 ஆகஸ்ட் முற்பாதி வரை அரைமாதத்துக்கு ஒரு சுற்று என்று கொண்டால் பதினெட்டுச் சுற்றுகள் வரும். ஒரு மாலைப்பொழுதுக்கு அது சரியான அளவு. கரையிறங்க, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் போதும். மே மாதத்தில் ஐந்து வேண்டும். ஜூன் தொடங்கினால் ஆறு விழுந்தால் மட்டுமே சரக்கு கரை சேரும், தவறினால் அது கடலோடு போகும். இந்த அட்டவணை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இருவர் கண்ணெதிரிலும் இருக்க வேண்டும். கப்பலை அனுப்புவதா வேண்டாமா என்பதை ஜூலையிலும் டச்சு ஆட்டக்காரரே தீர்மானிக்கிறார். நம் கடற்கரையில் யாருக்கும் இதை விளக்க வேண்டியிருக்காது: இன்றும் ஆனி, ஆடிக் காற்றில் குளச்சல் கடல் எப்படி இருக்கும் என்பது வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

பட்டாவியாவுக்கும் இதே முறைதான். உதவி கேட்டுக் கடிதம் எழுதுவது ஆட்டக்காரரின் உரிமை. அது போய்ப் பதில் வருவதற்கு ஆறு சுற்றுகள் ஆகட்டும். ஆறு பதில் அட்டைகளில் ஐந்து மறுப்பாக இருக்கட்டும். ஆறையும் மறுப்பாக வைத்தால் இரண்டாவது முறை ஆடுபவர் கடிதமே எழுத மாட்டார். நம்பிக்கைக்கு ஒரு துளை இருந்தால்தான், அன்று கோட்டைக்குள் காத்திருந்தவர்களின் மனநிலை ஆடுபவருக்கும் வரும்.

முற்றுகையின் இறுதிக் கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான். திருவிதாங்கூர்ப் படை சுட்ட குண்டு ஒன்று டச்சுக் காப்பரணுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து, அதனால் பற்றிய தீயில் அவர்களுடைய அரிசி இருப்பு எரிந்துபோனது என்றும், பிறகே அவர்கள் சரணடைந்தார்கள் என்றும் போர்க் குறிப்புகள் சொல்கின்றன. இதை 'ஆகஸ்ட்: தீவிபத்து, அரிசி முழுவதும் போயிற்று' என்று அட்டையில் எழுதினால் தகவல் சரியாக இருக்கும், ஆனால் ஆடுபவர் வஞ்சிக்கப்பட்டதாக உணர்வார். அட்டையே வேண்டாமென்று நீக்கிவிட்டால் போரின் முக்கியமான திருப்பம் காணாமற்போகும்.

இதே போரை வைத்து நான் ஒரு சிறு ஆட்டத்தை நாகர்கோவிலில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோதித்தபோது வேறொரு வழியைக் கையாண்டேன். வெடிமருந்துக்கு நல்லமிளகு மணிகள், உணவுக்குச் சம்பா அரிசி மணிகள், கிட்டங்கிக்குப் பழைய டப்பா மூடிகள். இரண்டையும் ஒரே மூடியில் வைத்தால் நகர்வு எதுவும் செலவாகாது. தனித்தனி மூடியில் வைக்க ஒரு சுற்றின் வேலை முழுவதும் போகும். எதிரி பீரங்கியால் சுடும் ஒவ்வொரு முறையும் இரண்டு பகடைகளை உருட்டி, இரண்டிலும் ஆறு விழுந்தால் வெடிமருந்து இருக்கும் மூடி எரிந்துவிடும். டச்சுப் பக்கம் ஆடிய என் சித்தி மகன், அந்த ஒரு சுற்றை மிச்சம்பிடித்துக் கோட்டாறுப் பக்கம் ஆள் அனுப்பினான். பதினான்காவது சுற்றில் இரண்டு ஆறுகள் விழுந்தன. மிளகும் அரிசியும் கலந்து கிடந்த மூடியை நான் அப்படியே எடுத்து மேசைக்கு வெளியே வைத்தபோது, அவன் பகடையைத் திட்டவில்லை. "பிரிச்சு வச்சிருக்கலாம் அண்ணே" என்று மட்டும் சொன்னான்.

இந்த விதியின் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒருமுறை சுடும்போது இரண்டு ஆறு விழ முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு. பத்து முறை சுட்டால் ஏறத்தாழ நான்கில் ஒன்று. பீரங்கிகளை நெருக்கமாகக் கொண்டுவந்தால் பதினொன்றும் பன்னிரண்டும் தீயாகும் என்று வைத்தால், பத்து முறையில் அது பாதியைத் தாண்டிவிடும். ஆகவே திருவிதாங்கூர் ஆட்டக்காரருக்கும் இங்கே ஒரு முடிவு பிறக்கிறது: ஆள் இழப்பைப் பொறுத்துக்கொண்டு பீரங்கியை முன்னே கொண்டுபோவதா, பசி தன் வேலையைச் செய்யும் என்று காத்திருப்பதா.

டிலனாய் விஷயத்தையும் இப்படியே கையாளலாம். குளச்சலில் சிறைப்பட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்து, ஐரோப்பிய முறையில் அதைப் பயிற்றுவித்து, கோட்டைகளைப் பலப்படுத்தி, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். தமிழும் லத்தீனும் பொறித்த கல்லறையை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். 'டிலனாய் வந்து சேர்கிறார்' என்று தேதி போட்டு அட்டை வைக்காதீர்கள். டச்சுக்காரர் உயிரோடு சரணடைந்து, திருவிதாங்கூர் ஆட்டக்காரர் கைதிகளுக்கு உணவளிக்கும் செலவை ஏற்றால் மட்டுமே அந்த வாய்ப்பு திறக்கட்டும். இரக்கமில்லாமல் ஆடுபவர் குளச்சலை வெல்லலாம். அடுத்த கட்டமாக வட்டக்கோட்டையைப் புதுப்பிக்க வேண்டிவரும்போது அவரிடம் ஆள் இருக்காது.

பெரிய கணினி விளையாட்டுகளும் இதே பாதையில்தான் நகர்ந்தன. 'யுரோப்பா யுனிவர்சாலிஸ்' வரிசையின் தொடக்க காலப் பதிப்புகளில் பல வரலாற்று நிகழ்ச்சிகள் தேதி வந்தால் நடந்துவிடும். 2013-இல் வந்த நான்காம் பதிப்பில் அவற்றில் பெரும்பாலானவை அதற்குரிய சூழ்நிலை கூடினால்தான் நடக்கும். 2016-இல் வந்த 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4', கணினி ஆடும் நாடுகள் வரலாற்றுப் பாதையிலேயே போக வேண்டுமா என்பதை ஆடுபவரே தொடக்கத்தில் தேர்ந்தெடுக்க விடுகிறது. பல நாடுகள் இருக்கும் ஆட்டத்துக்கு அந்த ஏற்பாடு நல்லது. இருவர் மட்டும் ஆடும் உங்கள் ஆட்டத்தில் அப்படியொரு பொத்தானை வைப்பது, தீர்மானிக்க வேண்டியதை ஆடுபவர் தலையில் கட்டுவதாகவே முடியும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் இந்த ஆட்டத்தை ஆடப்போகும் எவருக்கும் முடிவு முன்பே தெரியும். அன்றைய தளபதிகளுக்கு அது தெரியாது. பின்னால் பிறந்தவரின் இந்த அறிவு, எத்தனை துல்லியமான சீருடை வரைந்தாலும் ஆட்டத்தின் உண்மைத்தன்மையைக் கெடுத்துவிடும். இதற்கு 1824-லேயே பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் கொண்டுவந்த போர்ப் பயிற்சி விளையாட்டில் ஒரு மருந்து இருந்தது: ஆடுபவர்கள் கட்டளைகளை எழுதிக் கொடுப்பார்கள், நடுவர், அவரவர் களத்தில் நின்றிருந்தால் எது கண்ணில் படுமோ அதை மட்டும் காட்டுவார். அலைபேசியில் அந்த நடுவர் வேலையை மென்பொருள் செய்துவிடும். பட்டாவியாவின் பதில் அட்டைகளை ஒவ்வொரு ஆட்டத்திலும் கலைத்துப் போடுங்கள். எதிரியிடம் எத்தனை பீரங்கி இருக்கிறது என்பதை மறைத்து வையுங்கள்.

மறைத்து வைத்தால், நம் கரையில் தலைமுறையாகச் சொல்லப்படும் ஒரு செய்திக்கும் இடம் கிடைக்கும். மீனவர்கள் துடுப்புகளை ஆயுதம்போலத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்கள், மரத்தடிகளை வண்டிகளில் ஏற்றிப் பீரங்கிபோல் காட்டினார்கள் என்பார்கள். இதை ஆவணத்தில் உள்ள நிகழ்ச்சிக்குச் சமமாக நிறுத்த வேண்டாம். கேட்டுக்கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து பறிக்கவும் வேண்டாம். திருவிதாங்கூர்ப் பக்கத்துக்குச் சில பொய்ப் பீரங்கி வில்லைகளைக் கொடுங்கள். வேவு பார்க்க ஆள் அனுப்பினால் குட்டு உடையும். விதிப் புத்தகத்தில் அது வாய்மொழி மரபு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இனி வெற்றிக் கணக்கு. நிலைமைகளை நேர்மையாக வைத்தால் டச்சுப் பக்கம் பெரும்பாலும் தோற்கும், தோற்கவும் வேண்டும். கணினியைத் தனக்குத்தானே நூறு ஆட்டம் ஆடவிட்டு, கடைசிச் சுற்றின் முடிவில் குளச்சல் டச்சுக்காரரிடம் இருப்பது பதினைந்திலிருந்து இருபது ஆட்டங்களில் என்றால் நான் திருப்தியடைவேன். ஐம்பது என்றால் ஏதோ ஒரு விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் போரில் தோற்பவர் ஆட்டத்திலும் தோற்க வேண்டியதில்லை. வரலாற்றில் சரணடைந்த சுற்றையும் தாண்டி நிற்பது, ஏற்றி அனுப்பிய நல்லமிளகு, உயிரோடு காப்பாற்றிய வீரர்கள் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுங்கள். 'எதற்கு ஆடணும்' என்று கேட்ட மாணவருக்கு உரிய பதில் இந்தப் புள்ளி அட்டவணைதான்.

கணக்கு சரியாக வராவிட்டால் நிலைமைகளைத் திருத்துங்கள். விழுந்த பகடையைத் திருத்தாதீர்கள். 1942-இல் மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை நடத்திய ஒத்திகை விளையாட்டில், தங்கள் கப்பல்கள்மீது ஒன்பது குண்டுகள் விழுந்ததாக நடுவர் பகடை உருட்டிச் சொன்னார். அட்மிரல் உகாகி அதை மூன்றாகக் குறைத்து, மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பலையும் மீண்டும் மிதக்கவிட்டார். அடுத்த மாதம் உண்மையான மிட்வேயில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. அலைபேசி விளையாட்டில் ஆடுபவர் சோர்ந்துபோகக் கூடாது என்று மறைவாகப் பகடையைச் சாய்க்கும் பழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் அது வேண்டாம்.

அடுத்த சோதனைக்கு அந்த ஆசிரியரை மறுபடியும் அழையுங்கள். இம்முறை டச்சுப் பக்கத்தை அவரிடமே கொடுத்து, மாணவர்களில் ஒருவரைத் திருவிதாங்கூர்ப் பக்கம் உட்கார வையுங்கள். மே மாதச் சுற்றுகள் முடிவதற்குள் அவர் எத்தனை மூட்டை அரிசியைக் கரையிறக்கினார், அதை வெடிமருந்திலிருந்து பிரித்து வைத்தாரா என்ற இரண்டையும் குறித்து எனக்கு எழுதுங்கள்; எந்த விதியை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்பதை அந்த எண்களை வைத்துப் பேசலாம்.