ஆவணப்படத்தில் விவரணைக் குரலுக்கு உரிய இடம் எது?

"நன்றி" பட்டியல் அல்ல. ஆத்தங்குடிக் கல் பற்றிய ஆவணப்படத்தின் தமிழ் வடிவத்துக்குக் குரல் கொடுத்தும், விவரணையாளராக உங்கள் பெயர் வரவில்லை என்கிறீர்கள். அந்த வடிவம் முழுக்க உங்கள் குரல் என்றால், "விவரணைக் குரல்" என்று தனி வரியில் உங்கள் பெயர் வர வேண்டும். விவரணையை எழுதியவருக்கு இன்னொரு வரி. காரைக்குடிப் பேச்சுக்கு ஏற்ப வாக்கியங்களை நீங்களே மாற்றி எழுதியிருந்தால் அந்த வரியிலும் உங்களுக்குப் பங்குண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆங்கில வடிவத்துக்குச் செய்த பெயர்ப் பட்டியலையே தமிழுக்கும் ஒட்டியிருக்கக்கூடும். இரண்டின் முடிவையும் நிறுத்தி நிறுத்தி ஒப்பிடுங்கள். தமிழிலும் ஆங்கிலக் குரலுக்கு உரியவரின் பெயரே நின்றால் காரணம் அதுதான். திருத்துவது எடிட்டருக்குச் சிறிய வேலை. ஆனால் விழாக்களுக்குப் பிரதி போய்விட்டால் கடினம். இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் சொல்லி விட்டுவிட வேண்டாம்.

திரைப்படத் தகவல்களைத் திரட்டும் ஐஎம்டிபி தளத்தில் விவரணையாளர் நடிகர் பட்டியலில், "குரல்" என்ற குறிப்போடு இடம்பெறுவார். திரையில் பெயர் இல்லாதவரை, பெயர் போடப்படாதவர் என்ற குறிப்போடு சேர்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 2012 திருத்தத்துக்குப் பின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, நிகழ்த்தியவர் தன் பெயரைக் கோரும் உரிமையைத் தருகிறது. ஆனால் திரைப்படத்தில் தற்செயலாக வந்துபோகிற, வழக்கமாகப் பெயர் போடப்படாத பங்களிப்புக்கு அது பொருந்தாது. முழுப் படத்தையும் தாங்கிய குரலை அந்தக் கணக்கில் தள்ளுவது நியாயமே இல்லை என்பேன். வழக்கு வரை போவதானால் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் முதலில் காட்டுங்கள்.