ஜிஃப் தேடலும் பயனரின் அந்தரங்கமும்: கேள்வி பதில்

மதுரை வட்டாரத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு சமூக ஊடகச் செயலியை உருவாக்கிவருகிறார்கள். அதில் ஜிஃப் (சிறு அசையும் படம்) தேடலைச் சேர்ப்பது பற்றி அவர்கள் கேட்டவற்றுக்கான விடைகள் இவை.

திருமங்கலத்திலிருந்து: ஐயா, ஜிஃப்களைத் தேடித்தரும் ஜிஃபி சேவையின் ஏபிஐயை (அதன் தேடலை நம் செயலியோடு இணைக்கும் வழி) நேராகச் சேர்த்துவிட்டால் என்ன கெடுதல்?

தேடும் சொல்லும் தேடுபவரின் ஐபி முகவரியும் (இணையத்தில் அவரது இணைப்பைக் காட்டும் எண்) ஒருசேர வெளி நிறுவனத்துக்குப் போய்விடுவதுதான் கெடுதல். வளைகாப்பு, மருத்துவமனை, ஒரு கட்சித் தலைவரின் பெயர் என்று ஒருவர் தேடுவதையெல்லாம் சேர்த்துவைத்துப் பார்த்தால் அவருடைய வீட்டு நிலவரமே தெரிந்துவிடும். அந்த நிறுவனம் நாளை யாரிடம் போய்ச் சேரும் என்பதும் நமக்குத் தெரியாது. ஜிஃபியை 2020இல் ஃபேஸ்புக் வாங்கியது. பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் விற்கச் சொன்னதால் 2023இல் அது படங்களை விற்கும் ஷட்டர்ஸ்டாக் நிறுவனத்திடம் போனது. இதேபோன்ற டெனார் சேவையை 2018இல் கூகுள் வாங்கியது.

மேலூரிலிருந்து: தேடலை நம் சர்வர் வழியாக அனுப்பினால் போதும் அல்லவா, ஐயா?

பாதிதான் போதும், தம்பி. ஐபி முகவரி மறையும்; ஆனால் அவர்கள் பார்க்கும் தேடல் சொற்களை இனி நாமும் பார்ப்போம். சிக்னல் என்ற செய்திச் செயலி 2017இல் இதற்கு நல்ல வழி காட்டியது. போனுக்கும் ஜிஃபிக்கும் இடையிலான டிஎல்எஸ் மறையாக்கத்தை (வழியில் யாரும் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டும் முறை) குலைக்காமல், அந்தத் தரவை அப்படியே கடத்திவிடும் வேலையை மட்டும் சிக்னலின் சர்வர் செய்தது. அதனால் ஜிஃபிக்குச் சொல் தெரியும், ஆள் தெரியாது. சிக்னலுக்கு ஆள் தெரியும், சொல் தெரியாது. உங்கள் செயலியின் பிரவுசர் பதிப்பில் இந்த ஏற்பாட்டைச் செய்ய இயலாது என்பதால், அங்கே சாதாரண ப்ராக்ஸியை (தேடலை வாங்கி அனுப்பும் இடைச் சர்வர்) வைத்து, தேடல் சொற்கள் அதன் லாக்கில் (பதிவுக் கோப்பு) பதியாதபடி கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடையிலிருந்து: அதற்குப் பிறகும் ஏதாவது கசியுமா?

கசியும். மறையாக்கம் செய்தாலும் கோப்பின் அளவு வெளியே தெரியும். பிரபலமான ஜிஃப்களின் அளவுகளைப் பட்டியலிட்டு வைத்திருப்பவர், வந்தது எந்தப் படம் என்று ஊகித்துவிடலாம். ஆகவே கோப்பை ஒரே அளவுள்ள துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். கடைசித் துண்டு சிறிதாகும் இடத்தில், முந்தைய துண்டின் ஒரு பகுதியையும் சேர்த்துக் கேட்டால் அளவு சரியாகிவிடும்.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது, தட்டத் தட்டவே தேடும் வசதி. ஒருவர் ஒரு பெயரைத் தட்டி, வேண்டாம் என்று அழித்துவிட்டாலும், அந்த எழுத்துகள் அதற்குள் வெளியே போயிருக்கும். பயனர் தேடல் பொத்தானை அழுத்திய பிறகே எதையும் அனுப்புங்கள். சற்று மெதுவாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பயனரை அடையாளம் காட்டும் நிலையான எண் எதையும் தேடலோடு சேர்க்கவும் கூடாது.

உசிலம்பட்டியிலிருந்து: எங்கள் ஊர்ப் பக்கம் போன் டவர் சிக்னல் குறைவு. ஜிஃப் திறக்க நேரமாகாதா?

ஜிஃப் 1987இல் வந்த வடிவம். அதையே எம்பி4 வடிவில் வாங்கினால் அளவு வெகுவாகக் குறையும்.

மதுரை அண்ணா நகரிலிருந்து: ஜிஃபைப் பெறுபவருக்கு ஆபத்து உண்டா?

படத்தின் இணைய முகவரியை (லிங்க்) மட்டும் அனுப்பினால் உண்டு. அவருடைய போன் அதைத் திறக்கும்போது அவரது ஐபி முகவரி அந்த நிறுவனத்துக்குப் போகும். அனுப்புபவரின் போனே படத்தை இறக்கி, செய்தியோடு இணைப்புக் கோப்பாக அனுப்பட்டும். ஆனால் அப்படிச் சேமித்து அனுப்புவதையும் ப்ராக்ஸி வழியாக எடுப்பதையும் ஏபிஐ தருபவரின் விதிமுறைகள் அனுமதிக்கின்றனவா என்பதை, நிரல் எழுதத் தொடங்கும் முன்பே படித்து, எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.