வெஸ்ட் சோமர்செட்: 2015-உடன் அட்டவணை நிற்பது பிழையல்ல

வணக்கம். 2015-க்குப் பிறகு இங்கிலாந்தின் வெஸ்ட் சோமர்செட் மாவட்ட மன்றத் தேர்தல் முடிவுகளே கிடைக்கவில்லை, தரவு தொலைந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் தொலையவில்லை. அந்த மாவட்ட மன்றமே 2019 ஏப்ரல் 1 அன்று இல்லாமல் போய்விட்டது. சுமார் 35,000 பேர் வாழ்ந்த சிறிய மாவட்டம் அது. பக்கத்து டான்டன் டீனுடன் இணைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதமே, மே 2 அன்று நடந்த தேர்தலை 'சோமர்செட் வெஸ்ட் அண்ட் டான்டன்' என்ற புதிய மன்றத்தின் பெயரில் தேடுங்கள். 59 இடங்களில் 30-ஐ லிபரல் டெமாக்ரட் கட்சியினர் பிடித்தார்கள். அந்த மன்றத்துக்கும் ஆயுசு நான்கே ஆண்டுகள். 2023-இல் சோமர்செட் முழுமைக்கும் ஒரே மன்றம் வந்துவிட்டது.

தொடக்க ஆண்டுகளில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வெஸ்ட் சோமர்செட்டின் முதல் தேர்தல் 1973. ஆனால் மன்றம் பொறுப்பேற்றது 1974 ஏப்ரலில். அடுத்தவை 1976, 1979, 1983. நான்காண்டு இடைவெளி 1979-இலிருந்துதான். 1977 என்று ஒரு வரிசை போட்டிருந்தால் உடனே நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று: ஒரே ஒருவர் மனு செய்த வார்டில் வாக்குப்பதிவே நடக்காது. அந்தக் கட்டத்தில் 0 போடாதீர்கள், 'போட்டியின்றி' என்று எழுதுங்கள். இல்லையென்றால் கட்சிகளின் சராசரி வாக்கு விகிதமே தவறிவிடும்.