கதிர்வீச்சை எண்ணும் கவுண்டர் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்?

ஒரே சீசியம் சோர்ஸை (கதிர்வீச்சு மூலத்தை) ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொரு நிமிடமாகப் பத்து முறை எண்ணினேன். பத்தும் பத்து விதமாக வருகின்றன. கருவி பழுதா?

இல்லை. பத்தும் ஒன்றுபோல வந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எந்த அணு எப்போது சிதையும் என்று சொல்ல முடியாது. சராசரி 10,000 என்றால், அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது இயல்பு. மூன்றில் இரண்டு முறை 9,900-க்கும் 10,100-க்கும் நடுவில் விழும்.

ஆட்டம் அளவோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் கை-வர்க்கச் (chi-square) சோதனை. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து வர்க்கமாக்குங்கள். பத்தையும் கூட்டி, சராசரியால் வகுங்கள். விடை 3.3-க்கும் 16.9-க்கும் நடுவில் இருந்தால் சரி. மேலே போனால் உயர் மின்னழுத்தம் நிலையாக இருக்கிறதா, கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே போனால் பலர் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. சீராக வரும் ஏதோ மின்துடிப்பைக் கருவி கதிர் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். அப்புறம், நல்ல கருவியும் பத்தில் ஒரு முறை இந்த எல்லையைத் தாண்டும். அதனால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுமுன் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

கருவியைச் சோதிக்க வைத்திருக்கும் சீசியம் செக் சோர்ஸின் எண்ணிக்கை மூன்று ஆண்டுகளில் 7% குறைந்துவிட்டது. டிடெக்டர் தேய்கிறதா?

சீசியம்-137-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டுகள். ஆண்டுக்கு 2.3% தானாகவே குறையும்; உங்கள் கணக்கு அதோடு ஒத்துப்போகிறது. கோபால்ட்-57 என்றால் 272 நாளில் பாதியாகிவிடும். இந்த மாதம் எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே கணக்கிட்டு, கருவியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

மாதிரியைக் குழிக்குள் வைத்து எண்ணும் வெல் கவுண்டரின் பேக்கிரவுண்ட் (மாதிரி இல்லாமலே வரும் எண்ணிக்கை) நேற்றைவிட இரண்டு மடங்கு. எங்கே தேடுவது?

முதலில் சுற்றிலும் பாருங்கள். ஒரு முறை டிடெக்டரைத் துடைத்துத் துடைத்து அரை நாள் வீணாக்கினேன். காரணம், சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஸ்கேனுக்காகக் காத்திருந்த நோயாளி. அவருக்குக் கதிரியக்க டெக்னீசியம்-99m ஊசி போட்டிருந்தார்கள். அவர் எழுந்து போனதும் எண் இறங்கிவிட்டது. அப்படி யாரும் இல்லையென்றால், குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு எண்ணுங்கள். எண் இறங்கினால் கதிரியக்கக் கறை உறையில்தான். டெக்னீசியம்-99m-இன் அரை ஆயுள் 6 மணி நேரம். மறுநாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவரை புது உறை போட்டு வேலையைத் தொடரலாம்.

கையில் எடுத்துப் போய்க் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைத் தினமும் சோதிக்க வேண்டுமா?

எடுக்கும் ஒவ்வொரு முறையும். பேட்டரி, கேபிள், அப்புறம் செக் சோர்ஸ் காட்டி வழக்கமான அளவு வருகிறதா என்பது. ஒரு நிமிட வேலை. மிகக் கடுமையான கதிர்வீச்சில் சில கைகர் மீட்டர்கள் திணறி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆகவே மீட்டரை அறைக்கு வெளியிலேயே ஆன் செய்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே உள்ளே போங்கள். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுந்தால், உடனே பின்வாங்குங்கள்.